உப்புத் தண்ணீருக்கு ஒரு சர்வே நம்பர்

புதுக்கோட்டை மாவட்டத்தில் தன் இடது கையைத் தானே சர்வே பண்ணி, புலப்படம் வரைந்து, ஒவ்வொரு தடிப்புக்கும் உட்பிரிவு எண் கொடுத்த மனுஷர் ஒரே ஒருத்தர்தான். எங்கள் தும்மல் சார். நம்பாதவர்கள் என் வீட்டுக்கு வரலாம். அந்தப் படத்தின் ஜெராக்ஸ் ஒன்று இன்னமும் என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு. ஆனால் அந்தப் பேரைச் சொல்லி எங்கள் ஆபீசில் விசாரித்தால், "அப்படி இங்க யாரும் இல்லீங்களே" என்பார்கள். தும்மல் சார் என்றால் வாசல் டீக்கடைக்காரர்கூட வடையைப் போட்டுவிட்டு எழுந்து வந்து வழி காட்டுவார். எந்த ஊர் தாலுகா ஆபீஸ் என்று நான் சொல்லப்போவதில்லை, எனக்குப் பென்ஷன் முக்கியம். அங்கே அவர் சர்வேயர், நான் டைப்பிஸ்ட். எனக்கு வாய் நீளம், அவருக்கு மூக்கு நீளம். அதனால் இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று.

ஒற்றைத் தும்மல் என்பது அவரிடம் கிடையாது. ஆரம்பித்தால் மூச்சு தீரும்வரை போகும். தாசில்தார் ஏதாவது கோபமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது தும்மல் தொடங்கிவிட்டால், இவர் முடிக்கும்வரை தாசில்தார் காத்திருக்க வேண்டும். அதற்குள் எதற்குக் கோபப்பட்டோம் என்பதே தாசில்தாருக்கு மறந்துவிடும். அந்தத் தும்மலால் ஆபீசில் தப்பித்தவர்கள் நிறையப் பேர், அதில் நானும் உண்டு.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் ஆள் வேறு. கறம்பக்குடிப் பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு வரப்புத் தகராறு. பொழுதுக்கும் வெயிலில் நின்று, சீமைக்கருவேலம் மண்டின கருவக்காட்டுக்குள் புகுந்து, தும்மித் தும்மி அளந்து முடித்தார். சாயங்காலம் அளவைத் தொடங்கின மூலைச் சர்வே கல்லைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார், அது ஆடியது. யாரோ பிடுங்கி நகர்த்தி நட்டிருக்கிறார்கள். அண்ணன்காரர், "பரவால்ல சார், ஒரு சாண்தானே, அளந்தது அளந்ததாவே இருக்கட்டும்" என்று இளநீரை நீட்டினார்.

இவர் இளநீரை வாங்கிக் குடித்துவிட்டு, எழுதின தாளைக் கிழித்துப் போட்டார். "கல்லு எடம் மாறியிருந்தா அளந்தது செல்லாது. நாளைக்கி மறுபடி வாரேன்." அவ்வளவுதான். மறுநாள் போய் முதலிலிருந்து அளந்தார். அளவு என்றால் அவருக்குச் சாமி மாதிரி. அளந்தபிறகு அதற்கு என்ன அர்த்தம், எதனால் என்றெல்லாம் பேசுவது வக்கீல்கள் வேலை என்பது அவர் கட்சி.

மனைவி போய்ப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகள் மலர். தலை பின்னிவிடுவதிலிருந்து பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதுவரை அவரே பார்த்து வளர்த்த பிள்ளை. அவளைக் கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார். வீட்டு வாசலில் நின்று எச்சில் துப்பினால் கடலில் விழும், அவ்வளவு பக்கம். அவள் என்னை அக்கா என்பாள், வாரம் ஒருமுறை எனக்குப் போன் பண்ணி அப்பா சாப்பிட்டாரா என்று விசாரிப்பாள்.

அந்த நேரம் பார்த்துக் கொரோனா வந்தது. சார் பஸ்ஸில் ஏறி ஒரு சுற்றுத் தும்மினால் மூன்று பேர் சீட் அவர் ஒருத்தருக்கு. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து சீட்டின் மேல் வைத்துவிட்டு ஓடுவார். "இது அந்தத் தும்மல் இல்லப்பா, இது என் சொந்தத் தும்மல்" என்று ஊர் பூராவும் சொல்லிப் பார்த்தார். யார் நம்புகிறார்கள்? மலர் எனக்குப் போன் போட்டாள். "அக்கா, புதுக்கோட்டையில அலர்ஜி பாக்குற டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்களாம். அப்பாவை இழுத்துக்கிட்டுப் போங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

டாக்டரம்மா ஆவூர்ப் பக்கத்துப் பெண். சின்ன வயசு, நிதானமான பேச்சு. முழங்கைக்குக் கீழே உள்பக்கமாக வரிசையாகச் சொட்டு மருந்து வைத்தார். தென்னை, முந்திரி, அருகம்புல், தைலமரம், சீமைக்கருவேலம் என்று ஒவ்வொன்றின் மகரந்தத்துக்கும் ஒரு சொட்டு. பூனை முடிக்கும் கரப்பானுக்கும்கூட உண்டு. ஒவ்வொரு சொட்டின் மேலும் சின்ன ஊசியால் லேசாக ஒரு குத்து. கால் மணி நேரம் கழித்து எது கொசுக்கடி மாதிரி தடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கால் மணி நேரம் ஆயிற்று. கை மொழுமொழுவென்று கிடந்தது. சார் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "பாத்தியாம்மா, ஒரு வில்லங்கமும் இல்ல. சுத்தமான பட்டா."

டாக்டரம்மா கடைசிப் புள்ளியைக் காட்டினார். "சார், இது யாருக்குப் போட்டாலும் தடிக்கணும். டெஸ்ட் வேலை செய்யுதான்னு பாக்கத்தான் இதைப் போடுறோம். இதுவே தடிக்கலையே. காலையில என்ன சாப்ட்டீங்க?"

"இட்லி. அப்புறம் ஒரு தும்மல் மாத்திரை."

"மாத்திரை ஏதும் போடலைன்னு சொன்னீங்களே."

"அதெல்லாம் மாத்திரையாம்மா? நான் டீ குடிக்கிற மாதிரி போட்டுக்கிட்டு இருக்கேன். டாக்டர் மூஞ்சியில தும்மக் கூடாதுல்ல, ஒரு மரியாதைக்குத்தான் போட்டேன்."

மாத்திரை உடம்பில் இருந்தால் எதுவும் தடிக்காதாம். ஒரு வாரம் அதை நிறுத்திவிட்டு வரச் சொன்னார். அந்த ஒரு வாரம் எங்கள் ஆபீஸ் பட்ட பாட்டை எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள், எனக்கு இன்னமும் சிரிப்பு வராது. டைப் அடிக்கும்போது பாதி வரி ஓடிக்கொண்டிருக்கும், அவர் தொடங்குவார், மேசை அதிரும், நான் வேறு எழுத்தை அடிப்பேன். ஒரு அம்மாவுக்குப் பட்டாவில் புருஷன் பேரே மாறிப்போய், அவர் வந்து சண்டை போட்டுத் திருத்திக்கொண்டு போனார்.

இரண்டாவது தடவை எனக்கு லீவு கிடைக்கவில்லை, தனியாகப் போனார். தப்பு அங்கேதான் நடந்தது. இந்தத் தடவை கை முழுக்கத் தடித்துவிட்டது. ஒரு புள்ளி பாக்கியில்லை. அந்த நேரத்தில் மூச்சு முட்டித் தவித்த ஒரு குழந்தையை யாரோ தூக்கிக்கொண்டு வர, டாக்டரம்மா அங்கே ஓடினார். நர்ஸ் இவர் கையைப் பார்த்துவிட்டு, "என்ன சார், வெறும் உப்புத் தண்ணிக்கே தடிச்சிருக்கு, இது யாருக்குமே தடிக்காதே. ஒக்காருங்க, டாக்டரம்மா வந்து பாத்துத்தான் சொல்லணும்" என்றிருக்கிறார்.

இவர் ஏன் உட்காருகிறார்? சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். ஒவ்வொரு தடிப்பையும் நீளம் அகலம் அளந்து, செல்போனில் படம் பிடித்து, எழுந்து வந்துவிட்டார். க்ளினிக்கில் இருந்து போன் வந்ததற்கு, "அளவு என் கையில இருக்கு, அப்புறம் என்னத்தைச் சொல்றது" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் என் மேசைமேல் அவர் கையின் புலப்படம் கிடந்தது. மணிக்கட்டு தெற்கு, முழங்கை வடக்கு. ஒவ்வொரு தடிப்புக்கும் சர்வே நம்பர், மில்லிமீட்டரில் அளவு, பட்டாதாரர் பேர். ஆபீசில் எல்லாருக்கும் ஒரு ஜெராக்ஸ்.

"அந்தக் கடைசிப் புள்ளி இருக்குல்லம்மா, அது எல்லாருக்கும் தடிக்குமாம். அதனால அது புறம்போக்கு, விட்டுட்டேன். ஆனா இந்தா பாரு, உப்புத் தண்ணி. இது ஒலகத்துல யாருக்கும் தடிக்காதாம். எனக்குத் தடிச்சிருக்கு. நர்ஸே சொல்லிருச்சு. அப்ப இது என் தனிப் பட்டா."

அதிலிருந்து பிடித்தது சனியன். அளவை மறைக்கிற சாமான் என்று தும்மல் மாத்திரையையும் அதோடு விட்டார். தென்னைப் புள்ளி தடித்ததால் சட்னியை நிறுத்தினார். அது பூவில் இருந்து வரும் தூள் சார், தேங்காய் இல்லை என்று தலையால் அடித்துக்கொண்டேன். "ஒரே பட்டாதாரர்தானே" என்றார். முந்திரி தடித்ததால் ஆபீசில் ஒருத்தர் வீட்டுக் கல்யாணப் பாயசத்தில் முந்திரிப் பருப்பைப் பொறுக்கி என் இலையில் வைத்தார், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அருகம்புல் தடித்ததால் பிள்ளையாரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கும்பிட்டார். ரெக்கார்டு ரூம் பூனையைப் பார்த்தால் பாதையை விட்டு ஒதுங்கி நின்றார், பூனைக்கே தன்மேல் மரியாதை கூடிவிட்டது.

"உப்புத் தண்ணி ஆகாதுன்னா ரசம் மட்டும் எப்படி சார் குடிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுல புளி சேருது. புளி சேந்தா வேற சர்வே நம்பர்."

இதுவரைக்கும் நாங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். மலருக்கு வளைகாப்பு நாள் குறித்தபோதுதான் சிரிப்பு நின்றது. எங்கள் பக்கம் வழக்கம் என்னவென்றால், பெண் வீட்டார் வளையலும் அஞ்சு வகைச் சாதமும் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். வளையல் போட்டு, சோறு ஊட்டி, பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். தாய் இல்லாத பெண்ணுக்கு அப்பாதான் போய்க் கூப்பிட வேண்டும்.

சார் என்னிடம் வந்து ஒரு திட்டம் சொன்னார். "ஏம்மா, நீயும் ஆபீஸ் பொம்பளையாளுகளும் கார்ல போயி எல்லாத்தையும் முடிச்சுக் கூட்டியாந்துருங்க. நான் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். அதுக்கு அங்கிட்டுக் காத்துல உப்பு ஏறிரும்."

ஸ்பீக்கரில் போட்டு மகளிடமும் சொன்னார். மலர் சொன்னாள். "அப்பா, ஒங்க காலு இந்த வாசல்ல படணும். நீங்க வந்து கூப்பிட்டா வாரேன். இல்லாட்டி நான் இங்கேயே பெத்துக்கிறேன். யாரும் வர வேணாம்."

போனை வைத்துவிட்டார். கண் நிறைந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்து அவசர அவசரமாக ஒற்றி எடுத்தார்.

"கண்ணீரும் உப்புத் தண்ணிதானேம்மா" என்றார். "நிம்மதியா அழுகக்கூட வழியில்லாமப் போச்சு."

எனக்கு வந்ததே கோபம். இந்த மனுஷனுக்காக நான் அழுவதா, இவர் கையில் இருக்கிற ஸ்கேலைப் பிடுங்கி ஒடிப்பதா என்று தெரியவில்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அவரை ஆட்டோவில் ஏற்றி, பஸ் பிடித்து, நேரே புதுக்கோட்டை டாக்டரம்மா முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தேன்.

சார் புலப்படத்தை மேசைமேல் விரித்தார். டாக்டரம்மா அதைப் பார்த்த பார்வையில் பயமும் மரியாதையும் கலந்திருந்தது.

"படம் நல்லா இருக்கு சார். இது ஒரு பக்கம் இருக்கட்டும், ஒங்க மூக்கைப் பத்திச் சொல்லுங்க. எங்க போனா ரொம்பத் தும்முறீங்க?"

"எல்லா எடத்துலயும்தான்."

"பொய்" என்றேன் நான். "கருவக்காட்டுக்குள்ள அளக்கப் போனாத்தான் அதிகம். அது பூக்குற மாசத்துல பக்கத்துல நிக்க முடியாது. பொண்ணு வீட்டுக்குப் போனா ஒரு தும்மல் இல்ல. போன தடவை போய்த் தங்கிட்டு வந்து, அங்கிட்டு நல்லாத் தூங்குனேம்மான்னு யாரு சொன்னது?"

"பொண்ணு வீடு எங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"கோட்டைப்பட்டினம். கடலு வாசல்லயே இருக்கு" என்றேன்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தொண்டை பார்க்கும் குச்சி ஒன்றை எடுத்து, அதன் முனையால் சார் கையில் ஒரு கோடு இழுத்தார். மருந்து இல்லை, ஊசி இல்லை, வெறும் குச்சி. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடு சிவந்து, உப்பி, வயலில் வரப்பு எழும்புகிற மாதிரி எழும்பி நின்றது.

"ஒங்க தோல் வாகு அப்படி சார். எதை வச்சுக் கீறினாலும் தடிக்கும், சில பேருக்கு இருக்கும். அன்னைக்குத் தடிச்சதுல பாதி ஊசி குத்துனதுக்குத் தடிச்சது, மருந்துக்கு இல்ல."

"அப்ப உப்புத் தண்ணி?"

"அதுல ஒண்ணுமே இல்ல சார். ஒண்ணும் இல்லாததை வச்சுக் குத்துனா இந்தக் கை எவ்வளவு தடிக்குதுன்னு பாக்கத்தான் அது. அதை வச்சுத்தான் மத்ததை எல்லாம் அளக்கணும். அதைவிட எது நல்லா ஒசந்து நிக்கிதோ, அதை மட்டும்தான் கணக்குல எடுக்கணும். அதுவும் நீங்க தும்முற எடத்தோட பொருந்துனாத்தான்."

சார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தும்மல்கூட வரவில்லை.

"அப்ப அது நெலம் இல்ல" என்றார் மெதுவாக.

"இல்ல சார்."

"அது கல்லு."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது, சொன்னேன். "ஆமா சார், கல்லுதான். எதை வச்சு அளக்குறோமோ அந்தக் கல்லு."

"கல்லுக்குப் போயி பட்டா குடுத்திருக்கேன்" என்றார். "அந்தக் கல்லே ஆடிப்போயிக் கெடக்கு." படத்தை எடுத்தார். நாலாக மடித்துக் கிழித்தார். அந்தக் கறம்பக்குடி வரப்பில் நின்று சொன்னாரே, அதே குரலில் சொன்னார். "அளந்தது செல்லாது. மொதல்லேருந்து பாருங்க டாக்டரம்மா."

செல்போனில் இருந்த படத்தை வைத்து டாக்டரம்மா பார்த்தார். தென்னை, முந்திரி, அருகம்புல், பூனை எல்லாம் உப்புத் தண்ணீர் உயரத்துக்கே தடித்திருந்தன, அதற்கு மேல் ஒரு நூல்கூட இல்லை. சீமைக்கருவேலம் மட்டும் அத்தனையையும் அமுக்கிவிட்டுப் பெரிசாக உட்கார்ந்திருந்தது. கையை மட்டும் நம்ப வேண்டாம் என்று ரத்தத்திலும் ஒரு டெஸ்ட் எழுதினார். பின்னால் அதிலும் அதே பேர்தான் வந்தது. மூக்கில் அடிக்க ஒரு ஸ்பிரே கொடுத்து, காட்டுக்குள் போகும்போது முகமூடி கட்டச் சொன்னார்.

"டாக்டரம்மா, இந்த மாவட்டத்துல கருவ இல்லாத எடம் எங்க இருக்கு?" என்று கேட்டார் சார்.

"கடலுக்குள்ளதான் சார்" என்றார் அவர்.

வளைகாப்பு அன்றைக்குக் கோட்டைப்பட்டினத்தில் கார் நின்றது. நாங்கள் பாத்திரங்களை இறக்குவதற்குள் சாரைக் காணவில்லை. தேடினால், புதுப் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் கடலுக்குள் நிற்கிறார். கையில் கடிகாரம். என்னதான் டாக்டரம்மா சொன்னாலும் சர்வேயர் நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போடுவாரா? வலை பிரித்துக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள். மலரின் மாமியார் என் காதருகே வந்து, "சம்மந்தி என்ன பண்றாரு?" என்றார்.

"டெஸ்ட் பண்றாருங்க. கால் மணி நேரத்துல வந்துருவாரு" என்றேன்.

வந்தார். காலைக் குனிந்து பார்த்தார், ஒரு தடிப்பு இல்லை. ஈர வேட்டியோடு நேரே நடந்து வந்து வாசலில் கால் வைத்தார். மலர் நிறைவயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலையோரம் நின்றாள். "மலரு, கெளம்பும்மா, வீட்டுக்குப் போவோம்" என்றார். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. கண்ணில் இருந்து தாரை தாரையாக வழிந்தது. கைக்குட்டை பையில்தான் இருந்தது, அதை அவர் எடுக்கவில்லை. முகத்தில் அப்படியே வழியவிட்டார். நாங்கள் எல்லாரும் சேர்ந்து அழுதோம், அப்புறம் அவளுக்கு இரண்டு கை நிறைய வளையல் போட்டோம். தேங்காய்ச் சாதத்தை முதல் ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர்தான்.

திரும்பி வரும் வழியெல்லாம் இரண்டு பக்கமும் கருவை பூத்துக் கிடந்தது. கார்க் கண்ணாடியை ஏற்றியும் விடவில்லை, அறந்தாங்கிவரை தும்மிக்கொண்டே வந்தார். ஸ்பிரேயை ஆபீஸ் மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். "மெதுவாப்பா, சிரிச்சுச் சிரிச்சு எனக்கு இப்பவே வலி வந்துரும்" என்று மலர் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, பெண் குழந்தை.

சார் ரிட்டயர் ஆகி இப்போது மகள் வீட்டோடுதான் இருக்கிறார். மூக்குக்கு அந்த ஊர்க் காற்று ஒத்துக்கொண்டதாம், மாத்திரையே போடுவதில்லையாம். பேத்தி யூ.கே.ஜி. படிக்கிறாள். போன மாதம் நான் போயிருந்தபோது அவள் சிலேட்டைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, தாத்தாவின் இடது கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு விரல் நகத்தால் ஒரு 'அ' எழுதினாள். எழுதிவிட்டுக் காத்திருந்தாள். நான் பார்க்கப் பார்க்க அந்த 'அ' சிவந்து, மெத்தென்று எழும்பி வந்தது. சார் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"ஸ்கேல் எங்க சார், அளக்கலையா?" என்றேன்.

"இதையெல்லாம் அளக்கக் கூடாதும்மா" என்றார். "அரை மணி நேரத்துல மறைஞ்சிரும். அப்புறம் ஆவன்னா எழுதுவா."

பேத்தி என் கையையும் பிடித்து இழுத்து எழுதிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை அழுத்தி எழுதினாள், அப்போதும் வரவில்லை. "பெரியம்மா கையில எழுத்து வரல தாத்தா" என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அவரிடமே திரும்பப் போய்விட்டாள். அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். எத்தனையோ நாள் அந்தக் கையைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அந்த மாதிரி ஒரு கை இல்லையே என்று இருந்தது.